கருணாச்சித் தோட்டம்

நான் இந்த வீட்டுக்கு வாழ வருவதற்கு ஒரு வருஷம் முன்பே கருணாச்சி வந்துவிட்டாள். கல்யாணமாகி மூன்றாம் நாள், பெருமாள் கோயிலுக்குத்தான் கூட்டிப்போகிறார் என்று நான் நினைத்துக் கிளம்ப, வண்டியை நேராகச் செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றங்கரை நிலத்துக்கு ஓட்டினார் என் வீட்டுக்காரர். அங்கே முழங்கால் உயரம்கூட இல்லாத குச்சிகள் வரிசை வரிசையாக நின்றன. "இதான் கருணாச்சி" என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்க்கணுமே! தாலி கட்டும்போதுகூட அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கருணாச்சி என்பது திராட்சை. ஸ்பெயின் தேசத்துத் திராட்சை. அதன் நிஜப் பெயர் கர்னாச்சா. என் மாமனார் வாயில் அது நுழையாமல் கருணாச்சி ஆகி, பிறகு எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. கூடவே இரண்டு வரிசை இன்னொரு ரகம் இருந்தது, மொனஸ்த்ரெல் என்று. அதற்கு யாரும் மெனக்கெடவில்லை. முனுசாமி என்று வைத்துவிட்டார்கள்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் ஒரு வெள்ளைக்காரச் சாமியார். ஸ்பெயின்காரர். எங்கள் பக்கத்து மாதாகோயிலில் இருந்தார். பல வருஷமாக இங்கேயே இருந்து தலை நரைத்துப் போனவர். அவருடைய அப்பா, அண்ணன், தாத்தா எல்லோரும் சொந்தத் திராட்சைத் தோட்டம் வைத்து, வீட்டிலேயே ஒயின் என்கிற திராட்சை ரசம் செய்து விற்கிறவர்களாம். அவர் மட்டும் சாமியாராகி இங்கே வந்துவிட்டார். ஒருமுறை ஊருக்குப் போய் வந்தபோது, ஈரச் சாக்கில் சுற்றி அந்தக் குச்சிகளைக் கப்பலில் கொண்டுவந்தார். தம் அப்பா வைத்த கொடியின் ரசத்தை ஊற்றி ஒரே ஒரு பூசையாவது செய்துவிட்டுக் கண்ணை மூடவேண்டும் என்பது அவர் ஆசை. மாதாகோயில் தோட்டத்தில் எலுமிச்சை மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் வீட்டுக்காரர். நாங்கள் மாதாகோயில்காரர்கள் இல்லை, நெற்றி நிறைய விபூதி பூசுகிற ஆட்கள்தான். ஆனால் இவர் வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர். சாமியார் கேட்டார், இவர் தலையை ஆட்டிவிட்டார்.

நிலம் மாமனாருடையது. பாலாற்று ஊற்றுத் தண்ணீர் பாய்கிற நல்ல நிலம், வேர்க்கடலை பொன்னாக விளையும். அதில் ஒரு ஏக்கரைக் கேட்டதும் மனுஷர் ஆடித் தீர்த்துவிட்டார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மொத வெள்ளாம வரைக்கும் உடறேன். ரசத்தக் குடிச்சிட்டு அந்தச் சாமியாரே நல்லாருக்குதுன்னு சொல்லணும். சொன்னா உன் ஆயுசுக்கும் வெச்சிக்கோ. இல்லையா, ஆடிக்குள்ள அத்தினியும் புடுங்கிப் போட்டுட்டுக் கடல போடற. அதுக்கப்புறம் திராட்சன்னு வாயத் தொறக்கக்கூடாது."

அந்த ஒரு வாய் ரசத்தில்தான் என் வீட்டுக்காரருடைய ஆயுசே நின்றது. இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

நம் ஊரில் திராட்சை என்றால் பந்தல் போட்டுப் படரவிடுவார்கள். கருணாச்சிக்குப் பந்தல் வேண்டாமாம், கத்திரிச்செடி கணக்காகத் தனியாக நிற்குமாம். போகிறவன் வருகிறவனெல்லாம், "இன்னாபா, திராட்சய நட்டுட்டுப் பந்தலுக்கு மூங்கில் இல்லையா?" என்று கேலி செய்வான். சாய்ந்த கிளைகளைக் கட்ட, பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீடுகளில் மிஞ்சிய நூலை வாங்கி வந்தார். அரக்கு, பச்சை, மாம்பழ மஞ்சள் என்று தோட்டம் முழுக்கப் பட்டு நூல் முடிச்சுகள்.

அதைவிடப் பெரிய தொல்லை மார்கழியில் வந்தது. ஸ்பெயினில் குளிர் வந்தால் இலையெல்லாம் உதிர்ந்து கொடி நாலு மாசம் தூங்குமாம். தூங்கினால்தான் காய்க்குமாம். காஞ்சிபுரத்தில் எங்கே குளிர்? அது பாட்டுக்குப் பச்சையாகவே நின்றது. அதனால் தண்ணீரை நிறுத்தி, ஒவ்வொரு இலையாகக் கையால் கிள்ளி எறியவேண்டும் என்றார் சாமியார். ஒரு ஏக்கர் இலை! நானும் அவரும் குனிந்து குனிந்து கிள்ளினோம். விரல் நுனி வெடித்து, குழம்பில் கை வைத்தால் எரியும். "தூங்கவெக்கிற பொழப்பு பொழைக்கிறோம், நமக்குத் தூக்கத்தக் காணோம்" என்று நான் திட்டிக்கொண்டேதான் கிள்ளினேன். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். செடி வைத்த மூன்றாம் வருஷம் மொட்டைக் கட்டையிலிருந்து துளிர் வந்து, பூ வந்து, கடுகு மாதிரி பிஞ்சு வந்தபோது, அவருக்கு முன்னால் பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னவள் நான்தான். என்னையும் அறியாமல் நானும் அதில் விழுந்திருந்தேன்.

ஒருநாள் இவர் படலைச் சாத்த மறந்துவிட்டு வந்ததில் ஆடுகள் புகுந்து ஒரு வரிசையை மேய்ந்துவிட்டன. மாமனார் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் குறுக்கே போய், "நான்தான் மாமா தெறந்து போட்டுட்டேன்" என்றேன். மருமகளை அடிக்க முடியுமா? முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார். அப்படி அவருக்காக நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் என் வேலையே அதுதான்.

சித்திரையில் பழம் கறுத்தது. பறித்தோம். அப்பாவும் பிள்ளையும் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு அண்டாவில் இறங்கி மிதித்தார்கள். தோலும் சாறுமாக நாலு பெரிய பீங்கான் ஜாடிகளில் ஊற்றி, கிணற்றடி மண் அறையில் வைத்தார்கள்.

அது மதுவிலக்குக் காலம். வீட்டில் ஒரு சொம்புக் கள் இருந்தாலே போலீஸ் வரும். மாதாகோயில் பூசை ரசத்துக்கு மட்டும் அனுமதி உண்டு. இங்கிலீஷில் இருந்த அந்தப் பர்மிட்டை மாமனார் கண்ணாடி போட்டு முருகர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அதைப் புதுப்பிக்கிற கெடு சரியாக அந்த வாரம் வந்து தொலைத்தது. மெட்ராசில் கையெழுத்து வாங்கவேண்டும். ஆபீசில் இவர் பேசமாட்டார் என்று மாமனாரும் கூடக் கிளம்பினார்.

போகும்போது இவர் என்னிடம் ஒரு மரத்துடுப்பைக் கொடுத்தார். "தோல் மேல மெதந்துக்கினு வரும். காலைல ஒருவாட்டி, சாயந்திரம் ஒருவாட்டி அமுக்கிவுடு. கொஞ்சம் பொங்கும், பயந்துடாத. கெட்டுப்போவாம பாத்துக்கோ."

கொஞ்சம் பொங்கும்! அவருக்கே அவ்வளவுதான் தெரியும். போன வருஷம் கடையில் வாங்கிய கைப்பிடிப் பழத்தைச் சாமியார் ஒரு பாட்டிலில் போட்டுக் காட்டியிருந்தார், அது கொஞ்சம் பொங்கியது. இதுவோ நாலு ஜாடி, கத்திரி வெயில். மறுநாள் சாயந்திரம் கதவைத் திறந்தால், அட கடவுளே! நுரை வழிந்து தரையெல்லாம் ஓடுகிறது. ஜாடிக்குள் அடுப்பு எரிகிற மாதிரி கொதிக்கிற சத்தம். துடுப்பால் அமுக்க அமுக்க மேலே ஏறி வருகிறது. புளிச்ச வாடை மூக்கைத் துளைத்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து, அறைக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்க்க வருகிற மதுவிலக்கு ஆபீஸ் ஜவான் சைக்கிளில் வந்து இறங்கினான். வாசலில் நின்றே மூக்கை உறிஞ்சினான்.

"இன்னாம்மா, கள்ளுக்கடை கணக்கா வாசன தூக்குது! சுண்ணாம்பு கிண்ணாம்பு போட்டீங்களா இல்லையா?"

சும்மா கேலிக்குத்தான் கேட்டான். சிரித்துக்கொண்டே போயும்விட்டான். அந்தச் சுண்ணாம்பு என்ற வார்த்தை மட்டும் என் காதிலேயே நின்றது.

என் பிறந்த வீடு திருப்புட்குழிப் பக்கம். கொல்லை முழுக்கப் பனை. மரமேறி வந்து பதனி இறக்குவார். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கொடுப்பது சின்ன வயசிலிருந்து என் வேலை. சுண்ணாம்பு இருந்தால் புளிக்காது, அது பதனி, சட்டப்படி விற்கலாம். சுண்ணாம்பு இல்லையென்றால் பொங்கிப் புளித்துக் கள்ளாகிவிடும், ஜெயில்தான். எனக்குத் தெரிந்த உலகம் அதுதான். பொங்குகிறது என்றால் கெடுகிறது. கெடாமல் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கொஞ்சம் என்றார், இது கொஞ்சமா? பர்மிட் ரசத்துக்குத்தான், கள்ளுக்கு இல்லை. விடிந்தால் ஜவான் பெரிய ஆபீசரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால்?

பொங்கலுக்கு வெள்ளையடித்தது போக மிச்சமிருந்த கிளிஞ்சல் சுண்ணாம்பு பானையில் இருந்தது. கரைத்து ஊற்றினேன். அடங்கவில்லை. இன்னும் ஊற்றினேன். பானை காலியாகும்வரை நாலு ஜாடியிலும் மாற்றி மாற்றி ஊற்றினேன். நுரை மெல்ல அடங்கியது. "அப்பாடா" என்று உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு! அவருடைய ஒரு ஏக்கரைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

காலையில் பார்த்தால் ரத்தச் சிவப்பாக இருந்த சாறு சாம்பல் நீலமாகிக் கிடந்தது, பிள்ளையார்பாளையத்துச் சாயக்காரர் வீட்டு வாசலில் ஓடுகிற தண்ணீர் நிறத்தில். எனக்கு உள்ளுக்குள் ஏதோ அறுந்தது. ஆனாலும் பதனிகூட முதலில் கலங்கித்தானே தெளியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பர்மிட்டோடு திரும்பி வந்தவர் ஜாடியைத் திறந்து ஒரு கரண்டி மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நெறம் ஏன் இப்பிடி இருக்குது?" என்று கேட்டார். "எனக்கு இன்னாங்க தெரியும்" என்றேன். நாளைக்குச் சரியாகும், நாளைக்குச் சரியாகும் என்று ஒரு வாரம் அந்த அறையிலேயே கிடந்தார். வடிகட்டினார், ஜாடி மாற்றினார். அடியில் தங்கிய சேற்றைக் கொண்டுபோய்க் கொட்டியவள் நான். அதில் எவ்வளவு வெள்ளை இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஜாடிகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

பிறகு சாமியார் வந்தார். உடம்பு முடியாமல் ஊருக்கே திரும்பிப் போகச் சொல்லி உத்தரவு வந்துவிட்டதாம், அடுத்த வாரம் கப்பல். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வந்து கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். மாமனார் தூணோரம் நின்றார். நான் கதவோரம் நின்றேன்.

சாமியார் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு வாய் குடித்துப் பார்த்தார். அப்புறம் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, புத்தகத்தில் படித்த மாதிரி பேசுகிற அவருடைய தமிழில் கேட்டார்:

"மகனே, இது எங்கள் ஊர்த் திராட்சையா?"

என் வீட்டுக்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

"புளிப்பே இல்லையே. எங்கள் அப்பாவின் ரசம் நாக்கைக் கடிக்கும். இது நன்றாகப் பொங்கியதா? எத்தனை நாள் பொங்கியது? பொங்குவதுதான் ரசத்துக்கு உயிர்."

பொங்குவதுதான் உயிர். அந்த நிமிஷம்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மூன்று நாளும் கூட இருந்தவள் நான் ஒருத்திதானே.

"பொங்கிச்சு சாமி. ஒரு நாள். அப்புறம் அடங்கிப்போச்சு."

"தானாத்தான் அடங்கிச்சா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

மாமனார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் கூசாமல் சொன்னேன், "தானாத்தான்."

அவருக்காக அத்தனை பொய் சொன்ன வாய், அன்றைக்கு எனக்காக ஒன்று சொன்னது. அது ஒன்று போதுமாயிருந்தது.

சாமியார் மெல்லத் தலையசைத்தார். அப்படியானால் இந்த மண்ணில் கொடிக்குச் சத்து ஏறவில்லை, இது கொடியின் குற்றமில்லை, உன் குற்றமுமில்லை, இங்கே கொண்டுவந்த நான்தான் தப்பு செய்தேன் என்றார். இவர் தலையில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். அந்த வயசான மனுஷர் கண் கலங்கியதைப் பார்த்தும் என் வாய் திறக்கவில்லை. அவர் போய்விட்டார். மாமனார் திட்டக்கூட இல்லை. "ஆடிக்குள்ள" என்று மட்டும் சொன்னார்.

ஆனி கடைசியில் ஒரு காலை, இவர் கடப்பாரையோடு நிலத்துக்குப் போனார். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. நான் கூழ் எடுத்துக்கொண்டு போனபோது இரண்டு வரிசை பிடுங்கியாகிவிட்டது. வேர்கள் வெயிலில் கிடந்தன, கிளைகளில் பட்டு நூல் முடிச்சுகளோடு. அதைப் பார்த்ததும் கூழ்த் தூக்கைக் கீழே போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்துங்க. நான்தான் கெடுத்தேன். பொங்கி வழிஞ்சுது, ஊத்தறதுக்கு வேற ஒண்ணும் தோணல, சுண்ணாம்பக் கரச்சு ஊத்தினேன். செடி மேல தப்பு இல்ல. மண்ணு மேல தப்பு இல்ல. உங்க கால்ல உழறேன், புடுங்காதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். இரண்டு மாசமாகச் சிரிக்காத மனுஷர், சிரித்தார்.

"ஆடு மேஞ்சப்பவும் நீதான் படலத் தெறந்தேன்னு சொன்ன."

"ஐயோ, அது பொய்யிங்க. இது நெசம்! சுண்ணாம்புப் பானையப் போய்ப் பாருங்க, காலியா இருக்குது."

"பொங்கலுக்கு வெள்ளையடிச்சா காலியாத்தான் இருக்கும்."

"நம்ம புள்ள வயித்துல இருக்குது, அது மேல சத்தியமா சொல்றேன்!"

அவர் முகம் மாறிவிட்டது. கோபமில்லை, அதுதான் கொடுமை. என் வாயைக் கையால் பொத்தினார். "எனக்காக அது மேல எல்லாம் சத்தியம் பண்ணாத. எனக்கு இன்னா கொறச்சல்? போனாப் போவுது, செடிதானே." சொல்லும்போதே அழுதுவிட்டார். "நீ சொன்னியே, அது போதும்" என்றார்.

ஒரு வரிசையாவது விடுங்கள் என்று கெஞ்சினேன். ஒரு செடி, முனுசாமியில் ஒன்று. "ஒண்ணு இருந்தாலும் அதையே பாத்துக்கினு இருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். நான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சாயந்திரத்துக்குள் ஒரு ஏக்கரும் காலி.

ஆடியில் கடலை போட்டோம். நன்றாகத்தான் விளைந்தது. சில மாசம் கழித்து, மாதாகோயிலுக்கு வந்த புதுச் சாமியார் ஸ்பெயினிலிருந்து வந்த கடுதாசியைப் படித்துக் காட்டினார். முதல் வருஷ ரசம் தங்கள் வீட்டிலேயே பலமுறை கெட்டிருப்பதாக அண்ணன் சொல்கிறார், ஆகவே செடிகளைப் பிடுங்கவேண்டாம், இன்னும் ஒரு வருஷம் பாருங்கள் என்று எழுதியிருந்தார் அந்தப் பழைய சாமியார். இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செடியெல்லாம் நல்லா இருக்குதுன்னு எழுதிடுங்க சாமி" என்றார். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் தடவையாக எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகச் சொன்னேன். "உனுக்கு வேற வேல இல்ல" என்று முதுகைத் தட்டிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அப்புறம் மதுவிலக்கையே எடுத்தார்கள், தெருவுக்குத் தெரு கடை வந்தது, திரும்பவும் மூடினார்கள். எதுவும் எங்களைத் தொடவில்லை. அவர் வேறு எந்தச் செடியையும் ஆசையாக வைக்கவில்லை. கடலை, நெல், கடலை. சொன்னதைச் செய்வார், சாப்பிடுவார், படுப்பார். நாற்பது வயசுகூட ஆகாத மனுஷர்.

வைகாசி கருட சேவைக்கு அவருடைய பங்காளிகளும் என் அண்ணன்மாரும் கிராமங்களிலிருந்து வந்து எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள். சாப்பாடு முடிந்ததும் யாராவது ஒருவர் திராட்சைக் கதையைக் கிளப்புவார். ஊமை மாதிரி இருக்கிறவர் அப்போது மட்டும் வாய் திறப்பார். சாமியார், கப்பல், கருணாச்சி, முனுசாமி எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் என் பக்கம் கையைக் காட்டுவார்.

"செடி போச்சு, போவட்டும்பா. ஆனா என் மனசு ஆறணும்னு, தான்தான் கெடுத்தேன்னு பழியத் தூக்கித் தன் தலைல போட்டுக்கினா பாரு இவ. வயித்துப் புள்ள மேல சத்தியம் பண்ணவும் துணிஞ்சா. எவ செய்வா? எனக்கு அந்த ஒரு ஏக்கர்ல வெளஞ்சது அது ஒண்ணுதான்."

எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். வெட்கப்படுகிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார்.